ரயில் மாறும் இடம்

கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. சிவப்பும் வெள்ளையுமாக வரியோடிய மினாராக்கள், மூன்று குவிமாடங்கள், சுற்றிலும் தென்னை மரங்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து கொடுத்த அந்த மஸ்ஜிட் ஜாமேக் 1909இல் திறக்கப்பட்டது. 1965இல் தேசியப் பள்ளிவாசல் எழும்வரை நகரத்தின் பெரிய பள்ளிவாசல் அதுதான். அதற்கும் வெகு முன்பு, 1857இல், ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்த 87 சீனத் தொழிலாளர்கள் கரையிறங்கியதும் இந்த முனையில்தான். கோலாலம்பூரின் கதையை எவர் சொன்னாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

என்னைக் கோலாலம்பூர்க்காரி ஆக்கியதும் இதே முனைதான். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், அதன் பெயரையே வைத்துக்கொண்டு ஓர் எல்.ஆர்.டி. (இலகு ரயில்) நிலையம் இருக்கிறது. அதில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. அம்பாங் பாதை ஜாலான் துன் பேராக்கை ஒட்டித் தூண்களின் மேல் ஓடும். கிளானா ஜெயா பாதை மண்ணுக்கடியில் ஓடும். எங்களுக்கு அவை மேல் ரயில், கீழ் ரயில். இருபது வருடங்களுக்கும் மேலாக நான் ஏறி இறங்கிய, காத்து நின்ற, அழுத, சிரித்த இடம் அந்தக் கீழ் நிலையம். நகரத்தில் ஒரு மனுஷிக்கு இடம் உண்டா இல்லையா என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

நான் பிறந்தது சுபாங் ஜெயா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் நுழைந்தால் வெயில் ஏறியபின்தான் திரும்புவார். 1970களின் நடுவிலிருந்தே அந்தப் பகுதியில் தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறத் தொடங்கியிருந்தன. எங்கள் முறை 80களின் கடைசியில் வந்தது. மரங்களைச் சாய்த்தார்கள், லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நீண்ட பலகை வீட்டில் சில வருடங்கள் கிடந்துவிட்டு, பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனோம். தோட்டத்தில் இருந்தபோது கோலாலம்பூரை 'டவுன்' என்போம். டவுனுக்குப் போவது என்றால் தீபாவளித் துணி எடுக்க, தைப்பூசத்துக்கு, இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூன்றுக்குமே யாராவது கூட்டிப்போக வேண்டும். பிறகு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இளஞ்சிவப்பு மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோதும், நான் அந்த நகரத்துக்கு விருந்தாளியாகத்தான் போனேன்.

அந்த மினி பஸ்கள் 1998இல் நின்றன. அதே வருடம் செப்டம்பரில் கீழ் ரயிலின் முதல் பகுதி பசார் செனி வரை ஓடத் தொடங்கியது. பசார் செனிக்கு அப்பால் பாதை நகரின் வயிற்றுக்குள் இறங்க வேண்டும். அந்தப் பகுதி 1999 ஜூனில் திறந்தது. மஸ்ஜிட் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் என்று ஐந்து நிலையங்கள் வரிசையாகத் தரைக்குக் கீழே வந்தன. பொருளாதார நெருக்கடியின் சூடு இன்னும் ஆறாத காலம் அது. மேல் ரயிலில் அடுத்த நிலையமான பிளாசா ராக்யாட், தன் பெயருக்குரிய கட்டடம் பாதியில் நின்றுபோய்க் கம்பிகளோடு காய்ந்துகொண்டிருக்க, வெறும் நிலையமாக இயங்கியது. அந்த நேரத்தில் எனக்கு ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண் வேலை கிடைத்தது. கடை, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். படிப்பை நிறுத்தியிருந்த எனக்கு அந்த வேலை பெரிது. அதைவிடப் பெரிது, யாருடைய துணையும் இல்லாமல் டவுனுக்குப் போகிறேன் என்பது.

பசார் செனியில் ரயில் உயரத்தில் நிற்கும். கீழே ஆறு, அதற்கப்பால் பழைய ரயில்வே கட்டடங்களின் வெள்ளைக் குவிமாடங்கள். கதவு மூடியதும் பெட்டி முன்பக்கமாகச் சாயும், வெளிச்சம் சட்டென்று நறுக்கப்படும், காது லேசாக அடைக்கும். சக்கரத்தின் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி இரட்டிப்பாகும். அது அடங்குமுன் மஸ்ஜிட் ஜாமேக் வந்துவிடும். பளீரென்ற விளக்கு, நடைமேடை ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவுகள். ரயிலின் கதவும் மேடையின் கதவும் ஒன்றுக்கொன்று நேராக நின்று ஒரே நேரத்தில் திறக்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே அவ்வளவு குறைந்த தூரத்தில் அவ்வளவு ஆழம் இறங்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டை நெடுகக் கிடக்கும். ரயிலின் அடியில் உள்ள மின்சுருள்கள் நகரும் காந்தப் புலத்தை உண்டாக்க, அந்தப் பட்டையில் எழும் எதிர்விசை ரயிலைத் தள்ளும். சக்கரங்களுக்குப் பாரத்தைத் தாங்குவதுதான் வேலை. உந்துவது அவை இல்லை. ஆகவே ஏற்ற இறக்கத்தில் வழுக்கல் இல்லை. கனடாவின் வான்கூவர் நகரில் 1980களிலிருந்து ஓடும் ஸ்கைட்ரெயினும் இதே முறைதான். எல்லாவற்றையும்விட எங்களை வாய்பிளக்க வைத்தது வேறொன்று. இந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது.

அம்மாவை முதன்முதலில் அழைத்துப்போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "ஓட்டுற ஆளே இல்லாம எப்படிடி போவும்? யாரு புடிக்கிறா அத?" ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தில் முன்கண்ணாடி மட்டும்தான். அதன் பின்னால் நின்றால் சுரங்கம் நேராக நம்மை நோக்கி வரும். சிறு பிள்ளைகள் அந்த இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அம்மாவை அங்கே நிறுத்தினேன். இருட்டு வந்ததும் என் கையை இறுக்கினார். தூரத்தில் நிலையத்தின் விளக்குச் சதுரம் தெரிந்து பெரிதாகப் பெரிதாக, பிடி தளர்ந்தது. இறங்கியபின் தானியங்கிப் படிக்கட்டு. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எந்தப் படியில் கால் வைப்பது என்று தயங்கி நின்றவரின் முழங்கையை, பின்னால் வந்த ஒரு மலாய்ப் பையன் பிடித்துக்கொண்டான். "பெலான் பெலான், ஆன்ட்டி" என்று சொல்லி, மெல்ல மெல்ல அவரோடு மேலே வந்து, சலாம் வைத்துவிட்டு வெயிலுக்குள் மறைந்தான். வெளியே பள்ளிவாசலைப் பார்த்த அம்மா, "அட, இங்கதான் வருதா!" என்றார். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தபோதெல்லாம் அவர் கடந்துபோன இடம் அது. அதன் அடியிலிருந்து முளைத்து எழுந்தது அவருக்குப் பெரிய வியப்பு.

அதன்பிறகு அம்மா என்னைவிடத் துணிச்சல்காரி ஆனார். சான் சோவ் லின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை கிடைத்தது. விடியலில் கீழ் ரயிலில் வந்து மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி, மேல் ரயில் பிடித்துப் போவார். தோட்டத்தில் பழகிய உடம்பு, பெரட்டு நேரத்துக்கே எழுந்துவிடும். மேல் ரயில் அந்தப் பக்கம் போகும் தடத்தின் ஒரு பகுதி பிரிட்டிஷார் காலத்து ரயில் தடம். நம்மவர்கள் கல் உடைத்துக் கட்டை போட்ட மலாயா ரயில்வேயின் தடம். அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "அதான் நமக்கு ஒத்துப்போவுது" என்று மட்டும் சொன்னார்.

கடை வேலையில் எனக்கு நிலையத்தின் நேரங்கள் அத்துப்படி ஆயின. காலையில் அலுவலகக் கூட்டம், சப்பாத்து ஓசை. பத்து மணிக்கு மேல் கடைக்காரர்கள், துணி வாங்க வரும் கிழக்குக் கரை மாநிலத்துப் பெண்கள், பூக்காரம்மாக்களின் கூடைகள். வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் சாரைசாரையாகப் படியேறுவார்கள். பாதிப்பேர் மஸ்ஜிட் ஜாமேக்குக்கு, பாதிப்பேர் கொஞ்சம் தள்ளியிருக்கும் மஸ்ஜிட் இந்தியாவுக்கு. தமிழ் முஸ்லிம்கள் 19ஆம் நூற்றாண்டில் மரக்கட்டடமாக எழுப்பி, 1960களில் செங்கல்லால் திருப்பிக் கட்டிய பள்ளி அது. அங்கிருந்து ஒலிபெருக்கியில் வரும் குத்பா உரை தமிழில் இருக்கும். கடை வாசலில் நின்று, தூய தமிழில் ஒரு மனிதர் நேர்மையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி நான் துணி மடித்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு பக்கத்துச் சந்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடும். அப்போது நிலையத்தின் படிக்கட்டு வரை வாட்டிய கோழியின் புகையும் டுரியான் வாசமும் இறங்கி வரும்.

துன் பேராக்கைத் தாண்டினால் லெபோ அம்பாங். எங்கள் பெரியவர்களுக்கு அது செட்டித்தெரு. நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு. ஈயச் சுரங்கக்காரருக்கும் தோட்டம் போட்டவருக்கும் அங்கேதான் கடன் கிடைத்தது. தைப்பூசத்தையொட்டி இரவில், ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளித்தேர் அந்தத் தெரு வழியாகத்தான் வரும். அந்த இரவுகளில் கீழே ரயிலை விட்டு இறங்கும்போதே உறுமிச் சத்தம் கேட்காதா என்று காது தேடும். படியேறும் கூட்டத்தில் மஞ்சள் வேட்டிகளும், தலையில் பால்குடம் வைத்த பெண்களும், அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடும் சீனக் கிழவர்களும் இருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளையான நான் தேரைப் பார்க்க அண்ணாந்து நின்றது அப்பாவின் தோளில். இப்போது என் சொந்த நிலையத்திலிருந்து, என் சொந்தச் சீட்டில் வந்து பார்த்தேன்.

ஆனால் அந்த நிலையம் அன்று ஒரே நிலையமாக இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. மேல் பாதையையும் கீழ் பாதையையும் கட்டியவர்கள் வேறு வேறு தனியார். ஒரே பெயர், அருகருகே இரண்டு வாயில்கள், தனித்தனிச் சீட்டுகள். கீழ் ரயிலில் வந்தவர் மேல் ரயிலுக்கு மாற வேண்டுமானால், சீட்டைக் கொடுத்து வெளியேறி, நடந்துபோய், மறுபடி வரிசையில் நின்று புதுச் சீட்டு வாங்க வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் இரண்டு முறை. மாலை நான்கு ஐந்து மணிக்குக் கோலாலம்பூர் மழை எப்படிக் கொட்டும் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்தச் சில நிமிட நடை என்னவென்று விளக்க வேண்டாம்.

அலுவலகத்தில் உட்காருபவருக்கு அது ஒரு சிறு தொந்தரவு. அம்மாவைப் போன்றவர்களுக்கு அது கூலியிலிருந்து போகும் பங்கு. சம்பள நாளுக்கு முந்தைய வாரங்களில் அம்மா, மேல் ரயிலுக்குச் சீட்டு வாங்காமல் நடந்தே போனதை நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். "காலு இருக்குல்ல" என்றார். ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சந்திப்பதாக வரைந்திருக்கும். அந்தப் புள்ளியின் குறுக்கே ஒரு சுவர் இருப்பது, அதைத் தினமும் கடப்பவருக்கே தெரியும்.

கடையில் என்னோடு வேலை செய்த மலாய் அக்கா ஒருவர் அம்பாங்கில் குடியிருந்தார். நான் அவரை அக்கா என்ற பொருளில் 'காக்' என்பேன், அவர் என்னைத் தங்கை என்ற பொருளில் 'டிக்' என்பார். இரவு கடை சாத்தியபின் இருவரும் ஒன்றாக நடந்து வருவோம். அவர் மேலே, நான் கீழே. பிரிகிற இடத்தில், பள்ளிவாசல் மதிலோரம் நின்று பேசிக்கொண்டேயிருப்போம். அவருடைய கணவரின் சுகவீனம், என் கல்யாணப் பேச்சு, முதலாளி தீபாவளிக்கும் ஹரி ராயாவுக்கும் கொடுத்த போனஸ், எல்லாம் அங்கே நின்றுதான். கணக்கியல் படி, கல்லாப் பெட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்காதே என்று எனக்குச் சொன்னவர் அவர். அப்படித்தான் புடு பக்கம் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிறகு நானும் அந்தச் சுவரைக் கடக்கிறவளாக ஆனேன். கையில் புத்தகப் பையும் குடையுமாக இரண்டு வரிசைகளில் நின்று, வகுப்பு தொடங்கியபின் உள்ளே நுழைந்த மாலைகள் பல.

அந்த வருடங்களில் ஆறுகளும் தங்கள் இடத்தைக் கேட்டு வந்தன. 2003 ஜூனில் பெய்த பேய்மழையில் கிள்ளான் ஆறு கரைதாண்டி, பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றன. கடையில் நாங்கள் சேலைக் கட்டுகளை மேல் அலமாரிக்குத் தூக்கிக் கை ஓய்ந்தோம். காக் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்துக்கொண்டு, கலங்கிய நீரில் நடத்தி அழைத்துப்போனார். இந்த வெள்ளங்களுக்கு விடையாக நகரம் மண்ணுக்கடியில் இன்னொரு வேலை செய்தது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். வெள்ளம் வரும்போது தண்ணீரை நகர மையத்துக்கு வெளியே திருப்பி விடும். நடுவில் ஒரு பகுதியில், சாதாரண நாட்களில் இரண்டடுக்குச் சாலையாகக் கார்கள் ஓடும். பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டுச் சாலையையே தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள். சுண்ணாம்புப் பாறையும் அதில் பொந்துகளும் நிறைந்த மண் இந்த ஊருடையது. அதில் துளையிட்டு, தண்ணீருக்கு ஒரு வழியும் மனிதருக்கு ஒரு வழியும் அமைத்தவர்களின் உழைப்பை நான் ஒருபோதும் சிறிதாக நினைத்ததில்லை. முகம் தெரியாத அந்தத் தொழிலாளர்கள், அவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், எங்கள் பாட்டன்மார் தண்டவாளம் போட வந்ததைப் போலவே வந்தவர்கள்.

2002இல் இரண்டு பாதைகளும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தன. ஆனாலும் சுவர் உடனே விழவில்லை. அது 2011இன் இறுதியில்தான் விழுந்தது. சீட்டுகளை ஒன்றாக்கினார்கள். காந்தப்பட்டைச் சீட்டுக்குப் பதிலாக நீல நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை வந்தது. மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கியவர் வாயிலைத் தாண்டாமலேயே, உள்ளேயே நடந்து மறு பாதைக்குப் போகலாம் என்று ஆனது. செய்தியைப் பத்திரிகைகள் ஓரமாகப் போட்டிருந்தன. யாரும் மாலை மரியாதை செய்யவில்லை.

அந்த வாரம் காக்கிடம் வரும்படி சொன்னேன். நான் அப்போது ஜாலான் துன் பேராக்கில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருந்தேன். அவர் கடையிலேயே இருந்தார். இருவரும் என் பாதைப் பக்கமாக உள்ளே போய், அவருடைய பாதை வரை நடந்தோம். வழியில் யாரும் சீட்டு கேட்கவில்லை, எந்தக் கம்பியும் குறுக்கே மடங்கவில்லை. மேல் நடைமேடையில் அம்பாங் ரயில் வரும்வரை நின்று பேசினோம். இத்தனை வருடங்களாக வாசலோடு விடை கொடுத்த தோழியை முதல்முறையாக அவருடைய ரயில் வரை வழியனுப்பினேன். "இனி நீ என் வீட்டுக்கு வர ஒரு சாக்கும் சொல்ல முடியாது, டிக்" என்றார். அந்த ஹரி ராயாவுக்குப் போனேன். தீபாவளிக்கு அவர் வந்தார். அதற்கு முன்பும் போய்வந்திருக்கலாம்தான், ஆனால் ஊர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதைக் கிலோமீட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை. இடையில் எத்தனை முறை நின்று, பணம் கொடுத்து, அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

2016 ஜூன் 30ஆம் தேதி கிளானா ஜெயா பாதை புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. 29 கிலோமீட்டராக இருந்தது 46 கிலோமீட்டராக ஆனது, நிலையங்கள் 37. சுபாங் ஜெயா, எஸ்.எஸ்.15, எஸ்.எஸ்.18, யூ.எஸ்.ஜே.7, தைப்பான் என்று அறிவிப்புப் பலகையில் வந்த புதிய பெயர்களை நான் வாய்விட்டு வாசித்தேன். எங்கள் லயம் இருந்த திசை அது. அந்த வருடத் தீபாவளிக்கு ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் அம்மாவுக்குச் சேலை எடுத்துவிட்டு, மின்தூக்கியில் கீழே இறக்கி, வீட்டு நிலையத்தில் இறங்காமல் அப்படியே உட்காரச் சொன்னேன். ரயில் தூண்களின் மேல் ஏறி, அகலமான சாலைகளையும் ஓட்டு வீடுகளையும் கார் நிறுத்தங்களையும் கடந்து போனது. மரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தையே பார்த்தார். மேடு மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "இதுதான் பெரட்டு மேடா இருக்கும். அங்கிட்டு நம்ம ஆறாம் நம்பர் காடு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அப்ப டவுனுக்குப் போவணும்னா தண்டல்கிட்ட சொல்லணும். ஒருநாள் கூலி போவும். லாரி எப்ப போவும்னு கிராணிகிட்ட கேக்கணும். இப்ப யாருகிட்டயும் கேக்க வேணாம், இல்ல?"

வேண்டாம் என்றேன். அவர் எத்தனை பெரிய வாக்கியத்தைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இழந்த தோட்டத்துக்காக நான் பொய்யாக அழமாட்டேன்; அங்கே எங்களுக்குச் சொந்தமாக எதுவும் இருந்ததில்லை, வெளியேறியபோது கையில் கிடைத்ததும் சொற்பம். ஆனால் அந்த மண்ணிலிருந்து நகரத்தின் நடுவுக்கு, யாரிடமும் கேட்காமல், இறங்கி மாறாமல், ஒரு துப்புரவுத் தொழிலாளி போய்வரலாம் என்று ஆனது ஒரு நியாயம். தாமதமாக வந்த, குறைவாக வந்த நியாயம். இருந்தாலும் நான் அதை நியாயம் என்றே எண்ணுகிறேன்.

2021 மே 24ஆம் தேதி இரவு, கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையே சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் மோதின. ஒன்றில் 213 பேர் இருந்தார்கள். இன்னொன்று பயணிகள் இல்லாமல், ஓர் ஓட்டுநர் கையால் இயக்கிவந்த ரயில். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள், அவர்களில் பலருக்குப் பலத்த அடி. இருபது வருடங்களுக்கும் மேலாக ஓடிய பாதையில் அப்படி ஒன்று நடந்ததேயில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அதில் இல்லை. ஆனாலும் அந்த இரவு முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் படங்களைப் பார்த்தபோது, அந்த முகங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்களாகத் தோன்றின. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்து முகங்கள். யார் பிடிக்கிறார்கள் அதை என்று அம்மா கேட்ட கேள்வியின் முழு எடையும் அன்றுதான் எனக்கு விளங்கியது. ஓட்டுநர் இல்லாத ரயிலையும் மனிதர்கள்தான் பிடிக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்ப்பவர், நள்ளிரவில் தண்டவாளத்தைச் சோதிப்பவர், கதவின் உணரியைத் துடைப்பவர். அவர்களுக்குப் போதிய ஓய்வும் பயிற்சியும் மரியாதையும் கிடைக்கிறதா என்று கேட்பது பயணிகளாகிய எங்கள் கடமை.

இப்போது நகரத்தில் இதைவிட ஆழமான, அழகான நிலையங்கள் வந்துவிட்டன. 2017இல் முழுமையாக ஓடத் தொடங்கிய எம்.ஆர்.டி. பாதையின் நிலையங்களில் கூரை உயரம், சுவர்களில் ஓவியம். மஸ்ஜிட் ஜாமேக் அவற்றோடு அழகுப் போட்டிக்கு நிற்காது. நெரிசலான நேரத்தில் அதன் நடைவழிகள் குறுகல், தூண்கள் இடறும். ஆனால் அந்தக் குறுகலில்தான் நான் எல்லாரையும் பார்த்தேன். வங்காளதேசத்துக் கட்டடத் தொழிலாளியும், வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டும், மலர்ச்சரம் வைத்த தமிழ்ப் பெண்ணும், பள்ளிச் சீருடையில் சீனப் பிள்ளையும், தொழுகைத் தொப்பியும் ஒரே படிக்கட்டில் இடப்பக்கம் நின்றார்கள். கோபுரங்களில் இந்த நகரம் உலகத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. தன் மக்களை அது எப்படி நடத்துகிறது என்பது ரயில் மாறும் இடத்தில் தெரிகிறது.

2025இல் பினாங்கில் இலகு ரயில் பாதையின் கட்டுமானம் தொடங்கியது. இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கிலும் புதிய பாதைகள் வருகின்றன. திட்ட வரைபடங்கள் வெளியாகும்போது எல்லாரும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி என்று பார்க்கிறார்கள். நான் இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளிகளைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே மழைக்கு ஒதுங்கக் கூரை உண்டா? முழங்கால் வலிக்கிறவருக்கு மின்தூக்கி உண்டா? ஒரே சீட்டில் இரண்டிலும் போகலாமா? விடியலில் வேலைக்குப் போகும் ஒரு துப்புரவுத் தொழிலாளி அங்கே எத்தனை முறை நிறுத்தப்படுவார்? இந்தக் கேள்விகளைப் பாதை கட்டி முடித்தபின் கேட்டால், பதில் வர இன்னொரு பத்து வருடம் ஆகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் என் அம்மாவைப் போல எத்தனை பேர் நடந்தே போனார்கள் என்பதை எந்தக் கணக்கேட்டிலும் எழுதி வைக்கவில்லை. அடுத்து கட்டுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தொடங்கட்டும்.